மாதம்மாவின் விரல்களும் ஒரு கண்ணாடிக் கதவும்

ஓய்வு பெற்றவனிடம் யாராவது "உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். அலுவலக ஆண்டு மலரில் இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். என் பழைய அலுவலகத்தில் இன்னும் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் நந்தினி போன வாரம் போன் செய்தாள். "சார், இனிமே ஊர் திரும்பறவங்களுக்குக் கவுன்டரே இருக்காது போலிருக்கு, எல்லாம் ஆட்டோமேட்டிக் கேட்டுதானாம். உங்க காலத்து த்ரில்லான கேஸ் ஒண்ணு ரெண்டு எழுதிக் கொடுங்களேன்" என்றாள். அவள் "உங்க காலம்" என்று சொன்னது பதினான்கு மாதத்துக்கு முந்திய காலத்தை.

என்னிடம் த்ரில் கிடையாது. இருபத்தெட்டு வருடம் ஒரு விமான நிலையத்தின் வருகைப் பகுதியில் உட்கார்ந்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினேன். தங்கம் கடத்துகிறவர்களைச் சுங்கத்துறை பிடித்துக்கொள்ளும். தேடப்படும் குற்றவாளிகளைக் கணினி பிடித்துக்கொள்ளும். மிச்சமிருந்தவர்கள் என்னிடம் வந்து, "டாய்லெட் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். மூன்று நாள் அங்கே தங்கி வேலை, மூன்று நாள் மைசூரில் வீடு. இந்த ஏற்பாட்டில் என் மனைவிக்கு என்னைச் சகித்துக்கொள்ளப் பாதி வாழ்க்கை மட்டுமே தேவைப்பட்டது. இப்போது முழு நேரமும் வீட்டில் இருக்கிறேன். அவள் கோவில்களுக்கு அடிக்கடி போக ஆரம்பித்திருக்கிறாள்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போலி விசாவை ஊதா விளக்கில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். புகைப்படத்தையும் ஆளையும் ஒப்பிடும்போது காதைப் பார் என்றார்கள். மீசை வரும் போகும், கன்னம் தொங்கும், காது மட்டும் மாறாதாம். விளைவாக இரண்டு வருடம் நான் மனிதர்களைக் காதுகளாகவே பார்த்தேன். ஒரு கல்யாணத்தில் என் மனைவியின் சித்தப்பா, "மாப்ளே, என் கடுக்கன்ல அப்படி என்ன பாக்கறீங்க? அது உங்களுக்கு வராது" என்று சொன்னபிறகுதான் நிறுத்தினேன்.

பயிற்சியில் சொல்லாத ஒரு வழியை நானே கண்டுபிடித்தேன். என் உத்தியோக வாழ்வில் நான் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய ஒரே விஷயம் அதுதான். சந்தேகமாக இருந்தால், "இங்கிருந்து ஊருக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்பேன். பொய்ப் பெயரில் வருகிறவன் அழகாக வழி சொல்வான்: இந்தப் பேருந்து, அந்த நிறுத்தம், அங்கிருந்து இத்தனை கிலோமீட்டர். சொந்த ஊர்க்காரன் வழியே சொல்ல மாட்டான், பஸ்ஸைத் திட்டுவான். குண்டலுபேட்டைக்காரர் ஒருவர் இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தார். தலை வழுக்கை, உடம்பு இரண்டு மடங்கு, படத்தில் இருந்த பையனுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. கேள்வியைக் கேட்டேன். "அந்தக் கடைசி பஸ் இன்னும் நிக்காமத்தான் போறானா சார்?" என்று பல்லைக் கடித்தார். முத்திரை குத்தி அனுப்பினேன்.

அப்புறம் இயந்திரங்கள் வந்தன.

விஷயம் எளிது என்றார்கள். முன்கூட்டியே விண்ணப்பித்து, முகத்தையும் பத்து விரல்களையும் ஒருமுறை பதிந்து வைத்துவிட்டால், அடுத்த தடவை ஊர் திரும்பும்போது யாரிடமும் நிற்க வேண்டாம். பாஸ்போர்ட்டை வைத்தால் முதல் கண்ணாடிக் கதவு திறக்கும். உள்ளே போய் கேமராவைப் பார்த்து, விரலை வைத்தால் இரண்டாவது கதவு திறக்கும். வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போக இத்தனை கதவு எதற்கு என்று நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். மறுவாரமே, "உங்களைப் போன்ற அனுபவசாலிகள் இதில் பங்கு பெற வேண்டும்" என்று மைசூரில் ஒரு அலுவலகத்தின் மூலையில் விரல் பதியும் மேசையில் உட்கார வைத்தார்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. தண்டனை என்று தெரியாமல் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன்.

காவியங்களில் தொலைந்தவளை மோதிரத்தை வைத்து அடையாளம் காண்பார்கள். நாங்கள் மோதிரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு விரலைக் கேட்டோம். வலது கை நான்கு, இடது கை நான்கு, கடைசியாகக் கட்டைவிரல் இரண்டு. ரேகை நன்றாக விழுந்தால் திரையில் பச்சைக்கோடு, சுமாராக விழுந்தால் மஞ்சள், விழவே இல்லையென்றால் சிவப்பு. கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களுக்கு எல்லாம் பச்சை. சித்தாள் வேலை செய்தவர்கள், நஞ்சன்கூடு ஆலைகளில் ரசாயன டிரம் உருட்டியவர்கள், சலவைக்காரர்கள் ஆகியோருக்குச் சிவப்பு. உழைத்தவனுக்கு விரல் இல்லை என்பது என் மேசையின் கண்டுபிடிப்பு. அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியமும் உண்டு: விரலை நெற்றியில் நன்றாகத் தேய்த்துவிட்டு வைக்கச் சொல்வோம். நெற்றி எண்ணெயில் ரேகை கொஞ்சம் தெளியும். அதுவும் பலிக்காவிட்டால் நாமே விரல்மேல் நம் விரலை வைத்து அழுத்துவோம். மூன்று முறை சிவப்பு காட்டியபின் இயந்திரம் அலுத்துப்போய், "இருப்பதில் நல்லதை ஏற்கவா?" என்று கேட்கும். "ஏற்றுக்கொள்" என்று தட்டுவோம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் பதிய வேண்டும் என்று கணக்கு இருந்ததால், சற்று வேகமாகவே தட்டுவோம்.

மாதம்மா அப்படித்தான் பதியப்பட்டவர். கொள்ளேகால் பக்கம் ஹனூரைச் சேர்ந்தவர். நாற்பத்தாறு வயது. மகள் மஸ்கட்டில் நர்ஸ். அவள்தான் லீவில் வந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாதம்மா பதினாறு வயதிலிருந்து பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். கொதிக்கிற தண்ணீரில் கூடுகளைப் போட்டு, இழையின் நுனியைக் கையால் தேடி எடுக்க வேண்டும். அந்தக் கையைக் கண்ணாடித் தட்டில் வைத்தார். விரல் நுனிகள் ஊறி வெளுத்து, உரித்த பூண்டுப்பல் மாதிரி வழுவழுவென்று இருந்தன.

சிவப்பு. நெற்றியில் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தார். மறுபடி சிவப்பு.

"அழுத்தி வைங்கம்மா."

"அழுத்திட்டுத்தானுங்க இருக்கறன். பத்து வெரலும் இருக்குதுங்களே, எண்ணிக்கிட்டா போதாதுங்களா?"

"அம்மா, சும்மா இரு" என்றாள் மகள். "மூணு மாசம் எங்கூட வந்து இருக்கப்போறா சார். அங்க ஒரு துரும்பைக்கூட எடுக்க விட மாட்டேன்."

மூன்றாவது முறை நானே அழுத்தினேன். இயந்திரம் கேட்டது. "ஏற்றுக்கொள்" என்று தட்டினேன். எல்லாம் நாலு நிமிடம்.

அடுத்த மாதமே என்னை விமான நிலையத்துக்கு மாற்றி, கண்ணாடிக் கதவுகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பதவிக்கு "வசதியாளர்" என்று பெயர். ஆள் தேவையில்லாத கதவு. அது ஆள் இல்லாமல் நடப்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள். "கண்ணாடியைக் கழற்றவும்" என்று திரையில் எழுத்து வரும். கழற்றியவருக்கு அடுத்து வரும் எழுத்து தெரியாது. "காலடித் தடத்தில் நிற்கவும்" என்று வரும். செருப்பைக் கழற்றிவிட்டு பக்தியோடு நின்றவர்கள் உண்டு. அம்மாவும் குழந்தையுமாக இரண்டு பேர் ஒன்றாக உள்ளே நுழைந்தால் கதவு ஊளையிடும். ஒருவர் பெட்டியை மட்டும் உள்ளே தள்ளிவிட்டுத் தான் வெளியே நின்றுகொண்டார். கதவு பெட்டியின் முகத்தை நெடுநேரம் தேடியது. நான் காலையிலிருந்து மாலை வரை, "நேரா பாருங்க, கொஞ்சம் பின்னாடி, இல்ல முன்னாடி, அவ்வளவுதான், ஐயோ நகராதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். கல்யாண போட்டோகிராபருக்காவது சாப்பாடு போடுவார்கள்.

எங்கள் புது மேலதிகாரி பிரசாந்த். சிவமொக்காக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். குரலை உயர்த்த மாட்டார். என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார். மேலதிகாரி நம்மை "சார்" என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் போகிறது. முடிவெடுப்பதற்கு முன்னால் சட்டைப்பையிலிருந்து சானிடைசர் பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, விரல் விரலாகத் தேய்த்து, காய்கிறவரை காத்திருப்பார். கை காயும் நேரத்தில் எதிரிலிருப்பவனுக்குத் தன் கோரிக்கையின்மேலேயே நம்பிக்கை போய்விடும். அவர் பார்ப்பது பயணியின் முகத்தை அல்ல, திரையை. மனிதக் கை படாமல் கதவு எத்தனை பேரை அனுப்பியது என்று ஒரு பச்சைக் கட்டம் அதில் உண்டு. ஒரு முறை கையால் திறந்துவிட்டாலும் அந்தப் பச்சை மங்கும். அவருக்கும் முகம் மங்கும்.

ஒரு வியாழக்கிழமை, மஸ்கட் விமானம் இறங்கி அரைமணி ஆகியிருக்கும். பன்னிரண்டு மணி. மூன்றாம் எண் கதவு ஊளையிட்டது. உள்ளே, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில், பச்சைப் புடவையில் ஒரு பெண்மணி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார், போலீஸ் பிடித்த மாதிரி. மாதம்மா.

"ஏனுங் சார், நீங்க மைசூர்ல என்ற வெரலப் புடிச்சு அமுக்குனவருதானுங்களே? இதென்னுங்க, முன்னயும் போக உடமாட்டேங்குது, பின்னயும் போக உடமாட்டேங்குது?"

திரையைப் பார்த்தேன். முகம் சரி. விரல் இல்லை. அதாவது இந்தப் பெண் மாதம்மாதான் என்று கேமரா சொன்னது. இல்லவே இல்லை என்று பக்கத்திலிருந்த தட்டு சொன்னது. ஒரே இயந்திரம். என் அட்டையை வைத்து அவரை வெளியே எடுத்தேன். அதற்குள் திரை முழுக்கச் சிவப்பாகி, "ஆள்மாறாட்டச் சந்தேகம், மேலதிகாரி அனுமதி தேவை" என்று பூட்டிக்கொண்டது. பூட்டிக்கொண்டால் சாதாரணக் கவுன்டருக்குப் போனாலும் அதே சிவப்புதான் வரும். நந்தினியின் கவுன்டரில் முயன்றேன். "சார், எனக்கு முத்திரை பட்டனே வர மாட்டேங்குது" என்றாள்.

"எவ்வளவு நேரமாகுமுங்க?" என்றார் மாதம்மா. "வெளிய எங்கூட்டுக்காரரு காரெடுத்துட்டு வந்து நிக்கறாரு. ராத்திரிக்கு முன்னாடி ஊரு போயாகோணும். என்ற தம்பிக்கு நாளைக்குக் காலைல கல்யாணம். இன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு இணைச்சீருங்க."

இணைச்சீர் எனக்குத் தெரியும். அவர்கள் பக்கத்துக் கல்யாணத்தில் முந்தின நாள் மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து, அவனுடைய கூடப்பிறந்தவள் செய்யும் சீர். அக்காவோ தங்கையோ வந்து அவன் பக்கத்தில் நின்றால்தான் மேற்கொண்டு கல்யாணம் நகரும்.

"வேற அக்கா தங்கச்சி யாரும் இல்லையா?"

"நா ஒருத்திதானுங்க. அவனுக்கு முப்பத்தொம்பது வயசு. பதினோரு வருசமாப் பொண்ணு தேடி, இப்பத்தானுங்க ஒண்ணு சரின்னு சொல்லியிருக்குது. ரெண்டு நா முன்னாடியே வரோணும்னு இருந்தனுங்க, டிக்கெட்டு கெடைக்கல."

அவர் கைப்பையில் போன் அடித்தது. ஸ்பீக்கரை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாததால் மொத்த வருகைப் பகுதியும் கேட்டது.

"அக்கா, எங்கிருக்கற?"

"இங்கத்தான் கண்ணு, ஏர்போட்டுல. நா நான் இல்லயாமா. மெசினு சொல்லுது."

"என்னக்கா சொல்ற? அந்த மெசினை ஓரமா வெச்சுட்டு வா! அங்க ஆபீசரு ஆராச்சும் இருந்தா குடு போன."

நான் பதினைந்து அடி தள்ளி வேறு ஒரு பயணிக்கு அவசரமாக உதவப் போனேன்.

ஐந்து மணி நேரப் பயணம். இரண்டு மணிக்குள் கிளம்பினால்தான் ஏழு மணிக்கு மணை. பிரசாந்த் ஏதோ ஒரு கூட்டத்தில் இருந்தார். கதவுகள் எவ்வளவு சிறப்பாக இயங்குகின்றன என்று விளக்கிக்கொண்டிருந்தாராம். மாதம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்து, அனுபவசாலியின் கம்பீரத்தோடு விளக்கினேன். "அம்மா, உங்க தொழில் அப்படி. கொதிதண்ணில விரல் ரேகை அழிஞ்சுடும். அதான் மெசினுக்குத் தெரியல. பயப்படாதீங்க, நெத்தில நல்லாத் தேய்ச்சுட்டு மறுபடி வைப்போம்."

"ரேகை அழிஞ்சு போச்சுங்களா?" என்று அவர் கையை விரித்துத் தானே பார்த்துக்கொண்டார். "இப்ப வந்திருச்சுங்களே!"

கையை நீட்டினார். பார்த்தேன். பத்து விரலிலும் ரேகை. புதுக் கோலம் போட்ட மாதிரி, சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனுக்குக்கூட அப்படி ஒரு பச்சை விழாது.

"மூணு மாசமா ஒரு வேல செய்ய உடலீங்க அவ. பாத்தரம் மெசினு, துணி மெசினு, கூட்டறதுக்கும் மெசினு. சும்மாவே உக்கோந்திருந்தனுங்க. ஒரு மாசத்துலயே வெரலெல்லாம் தெளிஞ்சிருச்சு. என்ற கையா இதுன்னு நானே பாத்துட்டிருந்தனுங்க. சின்னப் புள்ளைல இப்படி இருந்துச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மைசூரில் நான் அழுத்தி, அவசரமாக ஏற்றுக்கொள்ள வைத்தது முப்பது வருட வேலையின் மழுங்கல். ரேகை என்று அதில் எதுவும் இல்லை. இயந்திரம் அந்த மழுங்கலை மாதம்மா என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. இப்போது முழு விரலோடு வந்து நிற்கிறவள் யாரோ ஒருத்தி.

பிரசாந்த் வந்தபோது மணி ஒன்று நாற்பது. சொன்னேன். அவர் கன்னடத்தில் கேட்டார், இங்கே தமிழில் தருகிறேன்.

"அவங்கதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"நான்தான் பதிஞ்சேன். எனக்கு ஆளைத் தெரியும்."

"சிஸ்டம் தெரியாதுன்னு சொல்லுதே. சிஸ்டத்தைவிட உங்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தின்னு நான் மேல எழுத முடியுமா?"

"முகம் ஒத்துப்போகுது."

"விரல் ஒத்துப்போகல. ரெண்டும் வேணும்னு இருக்கு." பையிலிருந்து சானிடைசரை எடுத்தார். இரண்டு சொட்டு. விரல் விரலாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

நான் என் பழைய ஆயுதத்தை எடுத்தேன். "அம்மா, இங்கிருந்து ஹனூருக்கு எப்படிப் போவீங்க? கார் இல்லைன்னு வெச்சுக்குங்க."

"அட அதையேன் கேக்கறீங்க!" என்று மாதம்மா எழுந்தே விட்டார். "கொள்ளேகால் பஸ்டேண்டுல ஒரு மணி நேரம் குத்தவெச்சுக் கெடக்கோணும். வாரவன் நிறுத்துனா ஏத்தமாட்டான், ஏத்துனா நிறுத்தமாட்டான். எறங்கறக்குள்ள விசிலடிச்சுப் போடுவான். போன தீவாளிக்கு என்ற ஒத்தச் செருப்பு பஸ்ஸுலயே போயிருச்சுங்க, இன்னும் திரும்பி வரல!"

"கேட்டீங்களா?" என்றேன்.

"என்ன கேட்டேன்?"

"இது ஹனூர்தான்."

பிரசாந்த் முதல் தடவையாகத் திரையிலிருந்து தலையைத் தூக்கி ஒரு பயணியின் முகத்தைப் பார்த்தார். போன் அடித்தது. "அக்கா, பொண்ணூட்டுக்காரங்க மண்டபத்துக்கு வந்துட்டாங்கக்கா. இணைச்சீருக்கு எங்க உங்கக்கான்னு கேக்கறாங்க. நா என்னன்னு சொல்லட்டும்?"

தமிழ் அவருக்குப் புரியும். "இணைச்சீர் என்றால் என்ன சார்?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். "வேறு யாரும் செய்யக்கூடாதா?" என்றார். "அது எழுத்தில் இருக்கிறதா" என்று கேட்காமல் விட்டது பெரிய விஷயம்.

அனுமதித் திரையைத் திறந்தார். காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் இறங்கியது: காயம். அழுக்கு. ஈரம். தோல் நோய். முதுமை.

"எதைப் போடட்டும்?"

"எதுவும் இல்லையே. நல்லாயிடுச்சு. அதுதான் காரணம்."

"அது பட்டியல்ல இல்ல சார்."

"பட்டியல் போட்டவனுக்கு அப்படி ஒண்ணு நடக்கும்னு தோணியிருக்காது."

"காயம்னு போட்டா சரியாயிடும்."

"என்ற கைக்கு ஒண்ணுமில்லீங்க!" என்றார் மாதம்மா. "பொய் எழுதாதீங்க, நாளைக்கு நல்ல காரியம்."

பிரசாந்த் பட்டியலை இன்னும் கீழே தள்ளி, கடைசியில் இருந்த "பிற" என்பதைத் தட்டினார். "பிற" என்றால் தலைமையகத்துக்கு விளக்கம் போகும், பதில் வரும், அந்த வார அறிக்கையில் அவர் பெயரோடு ஒரு சிவப்புப் புள்ளி விழும். அவர் அதைத் தெரிந்தேதான் தட்டினார். அந்த ஒரு தட்டலுக்காக அவருடைய அத்தனை "சார்"களையும் மன்னித்துவிட்டேன். விளக்கக் கட்டத்தில், "பயணி மூன்று மாதம் ஓய்வில் இருந்ததால் ரேகை வளர்ந்துள்ளது" என்று நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். கடைசியாக, அனுமதிக்கும் அதிகாரி தன் கட்டைவிரலை வைக்க வேண்டும். வைத்தார்.

சிவப்பு.

துடைத்து வைத்தார். சிவப்பு. சானிடைசர் தேய்த்துத் தேய்த்து அந்த விரல் காய்ந்த தோல் காகிதமாக இருந்தது. இன்னும் ஒரு தடவை தப்பினால் அவரும் பூட்டப்படுவார். மணி இரண்டு பத்து.

"நெத்தில தேயுங்க சாமி" என்றார் மாதம்மா, என் தொழில் ரகசியத்தை என்னைவிடக் கம்பீரமாக. "நல்லா அமுத்தித் தேயுங்க. எனக்கு அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

மேலதிகாரி நெற்றியில் கட்டைவிரலைத் தேய்த்தார். வைத்தார். பச்சை. நந்தினி முத்திரை குத்தினாள். மாதம்மா ஒரு கையில் பெட்டி, மறு கையில் செருப்போடு ஓடினார். இம்முறை செருப்பைத் தொலைக்கிற உத்தேசமில்லை போலும்.

மூன்று வாரம் கழித்துத் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. பயணியின் ரேகை மாறியுள்ளதால் முப்பது நாளுக்குள் மறுபதிவு செய்யவும், பழைய பதிவு செய்த அலுவலர் பொறுப்பேற்கவும். பொறுப்பேற்கும் அலுவலர் நான். என் பணியில் மிச்சமிருந்தது நாற்பது நாள். மாதம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சீருக்குப் போய்ச் சேந்தீங்களாம்மா?"

"ஏழே காலுக்குப் போயிட்டனுங்க. அவன் மணைல உக்கோரவே மாட்டேன்னு வாசல்லயே நின்னுட்டிருந்தான். என்னப் பாத்ததும் ஒரே அழுவாச்சி. முப்பத்தொம்பது வயசு ஆம்பள, பொண்ணூட்டுக்காரங்க முன்னாடி! மானம் போச்சுங்க."

சந்தோஷம் என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். விரலை மறுபடி பதிய வேண்டும், மைசூருக்கு எப்போது வர முடியும்?

"வாரனுங்க. ஆனா இப்ப வந்தா பழைய வெரலுதானுங்க இருக்கும். பட்டறைக்குப் போயிப் பதினஞ்சு நாளாச்சு. வழுவழுன்னு ஆயிப்போச்சு. பரவால்லீங்களா?"

கோப்பைப் பிரித்தேன். பழைய விரல் என்றால் பழைய பதிவோடு ஒத்துப்போகும். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இயந்திரம் ஆரம்பத்திலிருந்தே சரி. கோப்பில், "பதிவு சரியாக உள்ளது, நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் அவ்வளவு எரிச்சலோடு நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

"வர வேண்டாம்மா. எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

"அப்படீங்களா? அடுத்த வருசம் மக மறுபடி கூப்புட்டிருக்கறா." எதிர்முனையில் யோசிப்பது கேட்டது. "அப்படின்னா திரும்பி வாரதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அவ ஊட்டுப் பாத்தரம் துணியெல்லாம் நானே தேச்சுப் போட்டுட்டு வாரனுங்க. மெசினுக்கு என்னைய அடையாளந் தெரியோணுமில்லீங்களா?"

நடைமுறைப்படி அது சரியான யோசனை. பணியில் இருக்கும் அலுவலர் வேறு எதுவும் சொல்ல விதியில் இடமில்லை.

"அப்படியே செய்யுங்கம்மா" என்றேன்.